கிண்டி காந்தி மண்டப வளாகமும் ஓர் அமைச்சரின் முப்பது ஆண்டுகளும்

சென்னையில் தலைவர்களின் நினைவிடங்களைப் பார்க்க விரும்பும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் மெரினாவுக்குத்தான் போகிறார்கள். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று 1967க்குப் பிந்தைய தமிழ்நாட்டு ஆட்சி வரலாறு அந்தக் கடற்கரையில் அடுத்தடுத்து அமைந்திருக்கிறது. 1967க்கு முந்தைய ஆட்சி வரலாற்றைத் தேடுபவர் கிண்டிக்கு வர வேண்டும். சர்தார் படேல் சாலையில், கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய காந்தி மண்டப வளாகத்தில் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் பக்தவத்சலத்துக்கும் நினைவிடங்கள் உள்ளன. சென்னை மாகாணத்தையும் பின்னர் சென்னை மாநிலத்தையும் ஆண்ட மூன்று காங்கிரஸ் தலைவர்கள் ஒரே மதிலுக்குள் இருக்கும் இடம் வேறு எங்கும் இல்லை. இந்த மதிப்புரை அந்த வளாகத்தைப் பற்றியது. ஆனால் நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் சற்றுக் குறுகியது. ஓர் அமைச்சரின் அரசியல் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள விரும்பி வரும் பார்வையாளருக்கு இந்த இடம் எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதே என் கேள்வி. அதற்கு மூவரில் மிகக் குறைவாகப் பேசப்படும் எம்.பக்தவத்சலத்தின் நினைவிடத்தையே முதன்மையாக எடுத்துக்கொண்டேன்.

வளாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய நல்லவற்றை முதலில் சொல்லிவிடலாம். நகரின் மிகப் பரபரப்பான சாலைகளில் ஒன்றிலிருந்து உள்ளே நுழைந்த சில நிமிடங்களிலேயே வாகன இரைச்சல் பின்வாங்கிவிடுகிறது. பக்கத்திலேயே தேசியப் பூங்கா இருப்பதால் மரநிழலுக்குக் குறைவில்லை. அண்ணா பல்கலைக்கழகமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அருகில் இருப்பதால் பேருந்து வசதிக்கும் பஞ்சமில்லை. நடைப்பயிற்சிக்கு வருபவர்கள், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள், குழந்தைகள் பூங்காவையும் பாம்புப் பண்ணையையும் பார்த்துவிட்டு இங்கும் எட்டிப் பார்க்கும் குடும்பங்கள் என்று பலவகை மக்கள் பயன்படுத்தும் இடம் இது. அவர்களில் பெரும்பாலோர் வரலாறு படிக்க வருவதில்லை என்பது குறையாகாது. பொது இடம் பொது இடமாகப் பயன்படுவது நல்லதே.

வளாகத்தின் மூத்த கட்டடம் காந்தி மண்டபம். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் ராஜாஜி இதைத் திறந்துவைத்தார். தென்னிந்தியக் கோயில் கட்டடக் கலையின் சாயலில் எழுப்பப்பட்ட மண்டபம் அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்களால் பெயரிடப்பட்ட தொடக்கக் கல்வி மாற்றத்துக்கு எழுந்த எதிர்ப்பால், ராஜாஜி பதவி விலகி, அந்த இடத்துக்குக் காமராஜர் வந்திருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்தத் திறப்பு விழாவின் மரியாதையும் அதன் அடியில் இருந்த இறுக்கமும் ஒருசேரப் புலப்படும். 1972ஆம் ஆண்டு மறைந்த ராஜாஜிக்கு 1975இல் இதே வளாகத்தில் நினைவாலயம் எழுந்தது. அதன் மேற்பகுதி இராமனின் பட்டாபிஷேக மகுடத்தைப் போல அமைக்கப்பட்டுள்ளது. இராமாயணத்தை எளிய நடையில் எழுதி வீடுதோறும் கொண்டுசேர்த்தவருக்கு அது பொருத்தமான அடையாளம். அதே 1975இல் அக்டோபர் 2ஆம் நாள் காலமான காமராஜரின் உடல் இந்த வளாகத்தில்தான் எரியூட்டப்பட்டது. அங்கு எழுந்த நினைவிடத்தின் உச்சியில் இராட்டை இருக்கிறது.

ஒருவருக்கு மகுடம், ஒருவருக்கு இராட்டை. இரண்டுமே நல்ல சின்னங்கள்தாம். ஆனால் இரண்டுமே அந்தத் தலைவர்களின் ஆட்சிப் பணியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ராஜாஜி எழுத்தாளராக நினைவுகூரப்படுகிறார். காமராஜர் காந்தியத் தொண்டராக நினைவுகூரப்படுகிறார். கோட்டையில் அமர்ந்து கோப்புகளில் கையெழுத்திட்ட மனிதர்கள் இருவரும் அந்தச் சின்னங்களுக்குள் அடங்கவில்லை. அரசியல்வாதியை அவருடைய அரசியல் அல்லாத ஒன்றால் போற்றுவது நம் நினைவிடங்களின் பழக்கமாகவே ஆகிவிட்டது. தியாகமும் எளிமையும் கல்லில் செதுக்க எளியவை. வரவுசெலவுத் திட்டத்தையும் பாசன ஒதுக்கீட்டையும் செதுக்குவது கடினம்.

இதற்கு விதிவிலக்காக இந்த வளாகத்தில் ஒரு பொருள் இருக்கிறது. கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் இழுத்த கல்செக்கு இங்கே பாதுகாக்கப்பட்டுள்ளது. அதன் பருமனைப் பார்த்த பிறகு அந்தத் தண்டனை எத்தகையது என்பதற்கு எந்த விளக்கப் பலகையும் தேவைப்படாது. மொத்த வளாகத்திலும் வரலாற்றை நேரடியாகப் பேசும் பொருள் இதுவே என்பது என் கருத்து. ஓர் அமைச்சரின் வாழ்க்கைக்கும் இப்படி ஒரு பொருளைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியோடுதான் பக்தவத்சலம் நினைவிடத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

பக்தவத்சலம் 1897ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள நசரத்பேட்டையில் பிறந்தார். 1987ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் மறைந்தார். சட்டம் படித்து வழக்கறிஞரானவர். சட்டமறுப்பு இயக்கக் காலத்திலும் 1942ஆம் ஆண்டு ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்திலும் சிறை சென்றவர். இவ்வளவும் அவர் தலைமுறையின் காங்கிரஸ்காரர்கள் பலருக்கும் பொதுவான வரலாறு. அவரைத் தனித்துக் காட்டுவது சிறைவாசம் அல்ல, கோட்டைவாசம். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் திருவள்ளூரிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்று, ராஜாஜி தலைமையிலான முதல் காங்கிரஸ் அமைச்சரவையில் நாடாளுமன்றச் செயலாளர் என்று அழைக்கப்பட்ட, அமைச்சருக்குத் துணைநிற்கும் பதவியில் நிர்வாகம் பழகத் தொடங்கியவர், 1967 மார்ச் மாதம் முதலமைச்சராகப் பதவியை விட்டு இறங்கும்வரை, இடைவெளிகள் இருந்தாலும், முப்பது ஆண்டுகள் ஆட்சி எந்திரத்தின் உள்ளேயோ அதன் வாயிலிலேயோ இருந்தார். இவ்வளவு நீண்ட நிர்வாக அனுபவத்தோடு முதலமைச்சர் நாற்காலிக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டில் அரிது.

அந்த முப்பது ஆண்டுகளில் அதிகம் மறக்கப்பட்ட பகுதி 1947 முதல் 1952 வரையிலானது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையிலும் அதன்பின் குமாரசாமி ராஜா அமைச்சரவையிலும் பொதுப்பணித் துறை இவரிடம் இருந்தது. அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. ஆந்திரக் கடற்கரையும் ராயலசீமையும் மலபாரும் தென்கன்னடமும் அதில் அடக்கம். கீழ்பவானித் திட்டத்தின் வேலை 1948இல் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். இன்று கேரளத்தின் பாலக்காட்டில் சுற்றுலாப் பயணிகள் கூடும் மலம்புழா அணைக்கு 1949 மார்ச் மாதம் அடிக்கல் நாட்டியவர், அப்போது சென்னை மாகாணப் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த பக்தவத்சலம். 1955இல் அதைத் திறந்துவைத்தவர் காமராஜர். மாநில எல்லைகள் மாறியதும் அந்த அணையும் அதன் வரலாறும் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டன. நம் நினைவிலிருந்தும் போய்விட்டன. ஓர் அமைச்சரின் பணி எங்கே தேங்கி நிற்கிறது என்று காட்ட மலம்புழாவைவிட நல்ல சான்று கிடைக்காது. கிண்டியில் அந்த அணையின் ஒரு வரைபடம், கீழ்பவானி வாய்க்காலின் ஒரு பழைய ஒளிப்படம் ஆகிய இரண்டும் பார்வைக்கு இருந்தால் பார்வையாளர் மனத்தில் ஏற்படும் மாற்றத்தை என்னால் எளிதில் கற்பனை செய்ய முடிகிறது.

1952 தேர்தலில் அவர் தோற்றார். 1954இல் ராஜாஜி விலகியபோது காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜருக்கு எதிராகச் சி.சுப்பிரமணியம் நிறுத்தப்பட்டார், பக்தவத்சலம் சுப்பிரமணியத்தின் பக்கம் நின்றார். காமராஜர் வென்றார். வென்றவர் செய்த முதல் வேலை, தன்னை எதிர்த்த சுப்பிரமணியத்தையும் அவருக்குத் துணைநின்ற பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டதுதான். காமராஜரின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாக இது அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் இதில் பெருந்தன்மையைவிடக் கணக்கு அதிகம் என்றே நான் நினைக்கிறேன். மக்களைத் தெரிந்த தலைவருக்குக் கோப்புகளைத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் இருவரும் எதிரணியில் இருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டதால் காமராஜர் ஆட்சி பெற்ற பயன் அனைவரும் அறிந்தது.

1957இல் அமைந்த காமராஜர் அமைச்சரவை எட்டே பேரைக் கொண்டது. காமராஜரோடு பக்தவத்சலம், சி.சுப்பிரமணியம், மாணிக்கவேலு, ஆர்.வெங்கட்ராமன், கக்கன், ராமையா, லூர்தம்மாள் சைமன் ஆகியோர் இருந்தனர். இன்றைய அமைச்சரவைகளின் எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பெருமூச்சை நான் விடப் போவதில்லை. அரசின் பணிகள் அன்று குறைவு, துறைகளும் குறைவு. ஆனால் எட்டுப் பேர் அமைச்சரவையில் ஒவ்வொருவரிடமும் குவிந்த பொறுப்பு பெரிது என்பதும், அதனால் அமைச்சரின் குணம் துறையின் குணமாகவே மாறிவிடும் என்பதும் உண்மை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வென்று வந்த பக்தவத்சலத்திடம் உள்துறை தரப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் முதுகுளத்தூர்ச் சாதிக் கலவரம் வெடித்தது. இம்மானுவேல் சேகரன் கொலை, கீழத்தூவல் துப்பாக்கிச் சூடு, முத்துராமலிங்கத் தேவர் கைது என்று சில வாரங்களுக்குள் நடந்தவற்றுக்கெல்லாம் சட்டமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு உள்துறை அமைச்சருடையது. சட்டம் ஒழுங்கு என்ற கோணத்திலிருந்து சற்றும் நகராத அவருடைய போக்கு அப்போதே வெளிப்பட்டுவிட்டது. துறை அமைச்சராக இருக்கும்போது உறுதி என்று பெயர் பெறும் அந்தப் போக்கு, முதலமைச்சர் ஆனபின் என்ன பெயர் பெறும் என்பது எட்டு ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது.

1962க்குப் பிறகு நிதியும் கல்வியும் அவரிடம் வந்தன. 1963இல் மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று காமராஜர் முன்வைத்த திட்டத்தின்படி ஆறு முதலமைச்சர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் பதவி விலகினர். காமராஜர் தாமே முன்னுதாரணமாக விலக, 1963 அக்டோபர் 2ஆம் நாள் பக்தவத்சலம் முதலமைச்சரானார். அந்த நாளைக் கவனியுங்கள்: காந்தி பிறந்த நாள், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் காமராஜர் மறைந்த நாள். ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று இந்த வளாகத்தில் அரசு சார்பில் மலரஞ்சலி நடக்கிறது. இதே நாளுக்கு இங்குள்ள மூன்றாமவரோடும் தொடர்பு உண்டு என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது.

முதலமைச்சராக அவர் இருந்தது மூன்றரை ஆண்டுகளுக்கும் குறைவு. அதற்குள் 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலம் சிதைந்தது. பயணிகள் ரயில் ஒன்று கடலுக்கு இரையானது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியது. குமரிமுனைப் பாறையில் விவேகானந்தர் நினைவகம் எழுப்பும் முயற்சிக்கு முதலில் தயங்கிப் பின்னர் இசைவு கொடுத்ததும் இவருடைய அரசுதான். ஆனால் அந்த ஆட்சியைப் பற்றி இன்று மக்கள் நினைவில் இருப்பவை இரண்டே: இந்தி, அரிசி.

இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பக்தவத்சலம் நினைவிடம் இருக்கும் இதே காந்தி மண்டப வளாகத்தில்தான் மொழிப்போர் தியாகிகளுக்கான மணிமண்டபமும் இருக்கிறது. 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்ற நிலை வரவிருந்தது. 1964 ஜனவரி 25 அன்றே திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்திருந்தார். அடுத்த ஆண்டு அதே நாளில் சென்னையில் மாணவர்கள் பெருந்திரளாகக் கோட்டையை நோக்கி ஊர்வலம் சென்று, முதலமைச்சரிடம் மனு அளிக்க முடியாமல் திரும்பினர். கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் அடுத்தடுத்துத் தீக்குளித்தனர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரியில் நிலைமை மேலும் மோசமாகி இராணுவம் வரவழைக்கப்பட்டது. அரசு ஒப்புக்கொண்ட கணக்கின்படியே ஏறத்தாழ 70 பேர் உயிரிழந்தனர். அவர்களில் காவலர்கள் இருவரும் அடக்கம். டெல்லியில் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தனர், ஆனால் பின்னர் பதவியில் தொடர்ந்தனர். காமராஜரே மொழி விஷயத்தில் வேகம் வேண்டாம் என்ற நிலைக்கு வந்திருந்தார். கோட்டையில் இருந்தவர் மட்டும் இதை ஒரு சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே கடைசிவரை பார்த்தார்.

இது ஒரு மனிதரின் பிடிவாதம் மட்டுமே என்று நான் கருதவில்லை. நிர்வாகத்தில் ஊறியவருக்குக் கலவரம் என்பது அடக்கப்பட வேண்டிய ஒன்று. அதன் பின்னால் இருக்கும் உணர்ச்சி அவருடைய கோப்பில் இடம்பெறாது. மும்மொழித் திட்டத்தை 1964இல் சட்டமன்றத்தில் முன்வைத்தபோது அவர் அதை ஒரு கல்வி ஏற்பாடாக மட்டுமே பார்த்திருக்க வேண்டும். தெருவில் இருந்தவர்கள் அதைத் தங்கள் மொழியின் உயிர்ப் பிரச்சினையாகப் பார்த்தார்கள். முப்பது ஆண்டுகளாகக் கோட்டைக்குள் சேர்த்த திறமைகளில் எதுவும் இந்த இடைவெளியைக் கடக்க உதவவில்லை. காமராஜரிடம் அந்தத் திறமைகளில் பல இல்லை. ஆனால் தெருவில் என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இருவரின் நினைவிடங்களும் ஒரே வளாகத்தில் இருப்பதால் இந்த ஒப்பீடு தவிர்க்க முடியாததாகிறது.

அரிசி விஷயம் இதைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது. ஆனால் தேர்தலில் அதன் பங்கு இந்திக்குச் சற்றும் குறைந்ததல்ல. நாடு முழுவதும் உணவுப் பற்றாக்குறை நிலவிய காலம் அது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் உருவானபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. நெற்களஞ்சியத்தின் வாசலில் அலுவலகம் திறந்த அதே காலத்தில், நியாயவிலைக் கடைகளின் முன் அரிசிக்கு வரிசை நீண்டது. மத்தியில் உணவுத் துறையை வைத்திருந்தவர் பக்தவத்சலத்தின் பழைய சகாவான சி.சுப்பிரமணியம் என்பதும் கவனிக்கத்தக்கது. ‘பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு’ என்ற முழக்கம் ஊர் ஊராகச் சிறு மாறுதல்களோடு ஒலித்தது. ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. வாக்குறுதி அளித்தது. கணக்கறிந்த நிதியமைச்சராக இருந்தவர் அந்த வாக்குறுதி கணக்குக்கு ஒத்துவராது என்று எளிதில் நிறுவியிருப்பார். வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

1967 தேர்தலில் தி.மு.க. 137 இடங்களை வென்றது. வாக்குகளைப் பொறுத்தவரை இரு கட்சிகளும் ஏறத்தாழ 41 விழுக்காடு பெற்றன என்பதையும், தி.மு.க. கூட்டணி அமைத்துக் குறைந்த இடங்களில் நின்று அந்த வாக்குகளைப் பெற்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலமைச்சர் ஸ்ரீபெரும்புதூரில் ராசரத்தினத்திடம் தோற்றார், காமராஜர் விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1,285 வாக்கு வேறுபாட்டில் தோற்றார், அமைச்சர்களில் ஜி.பூவராகன் தவிர மற்ற அனைவரும் தோற்றனர். நாட்டில் விஷக்கிருமிகள் பரவிவிட்டன என்று தோல்விக்குப் பின் பக்தவத்சலம் சொன்னதாக இன்றும் மேடைகளில் நினைவுகூரப்படுகிறது. வாக்காளர்களைப் பற்றி அப்படி ஒரு தலைவர் பேசியது நியாயமில்லை. ஆனால் முப்பது ஆண்டு உழைப்பு இரண்டு சொற்களுக்குள் அடைபட்டுப்போனதும் நியாயமில்லை. அவருக்குப் பின் இன்றுவரை காங்கிரஸ் கட்சியைச் சேர்ந்த எவரும் இங்கு முதலமைச்சராகவில்லை.

இவ்வளவையும் கிண்டி வளாகம் பார்வையாளருக்குச் சொல்கிறதா என்றால், சொல்லும்படி அது அமைக்கப்படவில்லை என்பதே என் பதில். மேடை, உருவம், மலர், பிறந்த நாள், மறைந்த நாள் என்ற வடிவத்தில் அமையும் எந்த நினைவிடமும் வழிபாட்டுக்கு உகந்தது. விசாரணைக்கு உகந்தது அல்ல. தியாகியை அந்த வடிவத்தில் போற்ற முடியும், கவிஞரையும் போற்ற முடியும். அமைச்சரை அப்படிப் போற்றும்போது அவர் தியாகியாகவோ ஞானியாகவோ மாற்றப்பட்டுவிடுகிறார். காமராஜரின் நினைவிடத்துக்கு இது பெரிய இழப்பில்லை. அவருடைய பள்ளிக்கூடங்களையும் மதிய உணவையும் பற்றி எல்லாரும் வேறு வழிகளில் கேள்விப்பட்டிருக்கிறார்கள். பக்தவத்சலத்துக்கு அந்த வேறு வழிகள் இல்லை. அவருடைய பேரைத் தாங்கிய மகளிர் கல்லூரி கொரட்டூரில் இருக்கிறது. அவருடைய மகள் சரோஜினி வரதப்பன் சமூகப் பணியால் அறியப்பட்டவர். அவர் நடத்திய துறைகளைப் பற்றி அறிய விரும்புபவருக்கு நினைவிடத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆனால் யாரும் திட்டமிடாமலே வளாகம் ஒரு வகையில் உண்மையைச் சொல்கிறது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, 1965இல் அதே இந்தியை எதிர்த்தவர் ராஜாஜி. அவருக்கு இங்கே ஆலயம். 1965இல் கோட்டையில் இருந்தவருக்கு இங்கே நினைவிடம். அந்தப் போராட்டங்களில் உயிர்விட்டவர்களுக்கும் இங்கேயே மணிமண்டபம். அடுத்தடுத்து வந்த அரசுகள் தத்தம் தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனதால், ஒருவரையொருவர் எதிர்த்தவர்கள் அக்கம்பக்கத்தில் குடியமர்த்தப்பட்டுவிட்டார்கள். மெரினாவில் இந்த வகைச் சண்டை இவ்வளவு கூர்மையாகத் தெரியாது. வளாகத்தின் மிகப் பெரிய பலம் இதுதான் என்று சொல்வேன். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு நினைவிடமும் ஒரு பாராட்டுரை. சேர்த்துப் பார்த்தால் ஒரு விவாதம்.

அந்த விவாதத்தை வெளிப்படையாக்க அதிகச் செலவு ஆகாது. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து 1957, 1964, 1965ஆம் ஆண்டுகளின் சில பக்கங்கள், 1962க்குப் பிந்தைய வரவுசெலவுத் திட்ட உரையின் ஒரு படி, மலம்புழா மற்றும் கீழ்பவானித் திட்டங்களின் வரைபடங்கள் ஆகியவற்றைக் கண்ணாடிப் பேழைகளில் வைத்தால் போதும். இவை அரசிடமே இருக்கும் ஆவணங்கள். மொழிப்போர் மணிமண்டபத்துக்கும் பக்தவத்சலம் நினைவிடத்துக்கும் ஒரே காலவரிசைப் பலகை இருந்தால், இரண்டையும் பார்க்கும் பள்ளி மாணவர் இரு தரப்பையும் ஒரே நடையில் தெரிந்துகொள்வார். செக்கு ஒரு பொருளாக நின்று செய்யும் வேலையை அமைச்சருக்கு அவருடைய கையெழுத்திட்ட ஒரு கோப்பு செய்யும்.

யாருக்கு இந்த இடத்தைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், அமைதியாக ஒரு மணிநேரம் நடக்க விரும்புவோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குழந்தைகளோடு வருபவர்கள் முதலில் செக்கைக் காட்டிவிட்டுப் பிறகு மண்டபங்களுக்குப் போவது நல்லது. கேள்விகள் தாமாகவே பிறக்கும். அரசியல் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் அக்டோபர் 2ஆம் நாளைத் தவிர்க்கலாம். அன்று விழா ஏற்பாடுகளும் பிரமுகர் வருகையும் இருக்கும். ஒரு வாரம் கழித்து, பக்தவத்சலத்தின் பிறந்த நாளான அக்டோபர் 9 அன்று, அரசு மரியாதை முடிந்தபின் மாலையில் வந்தால் நின்று நிதானமாகப் பார்க்கலாம். வருவதற்கு முன் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ ஒரு நல்ல நூலகத்திலோ 1965ஆம் ஆண்டின் பிப்ரவரி மாத நாளிதழ்களைப் புரட்டிவிட்டு வருவது பயன் தரும். ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம், மொழிப்போர் மணிமண்டபம் என்ற வரிசையில் பார்த்தால் காலவரிசை ஏறத்தாழச் சரியாக அமையும். நேரம் குறைவாக இருப்பவர்கள் கடைசி இரண்டையும் மட்டுமாவது ஒன்றாகப் பார்த்துவிட வேண்டும்.